வெறும் புட்டி

அன்று காலை பத்தரை மணிக் கூட்டத்தில் ஐந்து பேர் இருந்தார்கள். சன்னலுக்கு முதுகைக் காட்டி, கைப்பிடி வைத்த ஒரே நாற்காலியில் கண்காணிப்பாளர். அவருக்கு வலப்பக்கம், மழைக்கோட்டுத் துணிக்கும் சட்டிகளுக்கும் தண்ணீர் ஒட்டாத பூச்சு தயாரிக்கும் ஆலையிலிருந்து வந்திருந்த அலுவலர். அவருக்கு எதிரே, நாற்காலி நுனியில் மட்டும் உட்கார்ந்திருந்தவர் ஊரின் மேல்நிலைத் தொட்டியைத் திறந்து மூடுகிற தொட்டிக்காரர். கதவோரம், குறிப்பேட்டை மடியில் வைத்துக்கொண்டு, அலுவலகத் தபாலைக் கவனிக்கிற தபாலக்கா. மேசையின் கடைக்கோடியில், மாதிரிப் பதிவேட்டின் மேல் இரண்டு கைகளையும் வைத்தபடி சொட்டக்கா.

சொட்டக்கா அந்தத் தண்ணீர் ஆய்வகத்தின் ஒரே சோதனையாளர். சேர்ந்த முதல் வாரத்தில், உதட்டை அசைத்து ஒவ்வொரு சொட்டாக எண்ணி ஊற்றுகிறாள் என்று தொட்டிக்காரர் வைத்த பெயர் அது. பதினொரு வருடமாக ஒட்டிக்கொண்டிருந்தது.

மேசைமேல் ஐந்து தம்ளர்களும் ஒரு கண்ணாடி ஜக்கும் இருந்தன. கூட்டம் தொடங்கி இருபது நிமிடத்தில் ஜக்கை இரண்டு முறை நிரப்பியாகிவிட்டது. ஆலை அலுவலர் நான்காவது தம்ளருக்குக் கையை நீட்டினார். கை தட்டி, ஜக் சாய்ந்து, அரை ஜக் தண்ணீர் மேசையில் கொட்டியது.

எல்லோரும் காகிதங்களை அள்ளினார்கள். அள்ளியிருக்கத் தேவையில்லை. கொட்டிய தண்ணீர் பரவவில்லை. பழைய மேசை அது, மேலே பூசியிருந்த வார்னிஷ் உரிந்து மரம் வெளியே தெரிகிற மேசை, எத்தனையோ டீத் தம்ளரின் வட்டங்களைக் குடித்து வைத்திருக்கிற மேசை. அதன்மேல் தண்ணீர் பெரிதும் சிறிதுமான உருண்டைகளாக உடைந்து, கோப்புகளுக்கு நடுவே வழி தேடுவதுபோல் வளைந்து வளைந்து ஓடி, விளிம்பில் ஒரு கணம் நின்று, ஒவ்வொன்றாகக் கீழே குதித்தது. சிதறிய பாசிமணி விழும் சத்தம். கடைசி உருண்டையும் நாற்காலிக்கு அடியில் போய் மறைந்தபோது மேசை முன்புபோலவே காய்ந்து கிடந்தது.

"நல்லவேளை சார், ஒரு காகிதம் நனையல" என்றார் தொட்டிக்காரர்.

"நம்ம ஊர்த் தண்ணிக்கு மரியாதை தெரியும்யா" என்றார் கண்காணிப்பாளர். எல்லோரும் சிரித்தார்கள். தபாலக்கா ஜக்கை மூன்றாம் முறை நிரப்பக் கிளம்பினார்.

சொட்டக்கா மட்டும் தண்ணீர் ஓடிய இடத்தில் விரலை வைத்துப் பார்த்தாள். ஈரமில்லை. குளிர்ச்சிகூட இல்லை.

"அப்ப பதினாலு எப்படிம்மா? வழக்கம்போலத்தானே?" கண்காணிப்பாளர் கேட்டார்.

சோதனைப் படிவத்தில் பதினான்காவது வரிசையில் இருந்த பொருளுக்கு நீளமான பெயர் ஒன்று உண்டு. ஆலையின் பூச்சுக்கு மூலப்பொருள் அதுதான். அலுவலகத்தில் எல்லோரும் அதைப் பதினாலு என்றே சொல்வார்கள். மூன்று வருடத்துக்கு ஒருமுறை, குடிநீரில் பதினாலு 'கண்டறியப்படவில்லை' என்று மேலாய்வகத்துக்குச் சான்று போகவேண்டும். இருக்கிறது என்று போனால் அவர்களே ஆள் அனுப்பி, ஊரின் கிணறுகளை மூடி, வேறு தண்ணீருக்கு ஏற்பாடு செய்வார்கள். இல்லை என்று போனால் அடுத்த மூன்று வருடத்துக்கு யாரும் இந்தப் பக்கம் திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை.

"இன்னும் ஓட்டல சார். வடிக்கிற மெஷின் போன வாரம் படுத்துடுச்சு. வெறும் புட்டிக்கு வெளியூர்லேர்ந்து தண்ணி வரவழைச்சிருக்கேன். நேத்துதான் பார்சல் வந்துது."

"அஞ்சு மணிக்குத் தபால் வண்டி. நாலரைக்குள்ள குடுத்துடுங்க."

"நானும் இதே தண்ணியத்தாம்மா குடிக்கிறேன்" என்றார் ஆலை அலுவலர், யாரும் கேட்காமலே. நல்ல மனிதர். சொன்னதை நிரூபிப்பதுபோல் மறுபடி ஒரு தம்ளரை ஒரே மூச்சில் குடித்து வைத்தார். கீழுதட்டின் வெடிப்பில் ஒரு துளி நின்றது. அவர் பேசப் பேச அது உதட்டின் மேலேயே அங்கும் இங்கும் உருண்டது. பிறகு விழுந்தது. உதடு காய்ந்தே இருந்தது.

"என்னன்னே தெரியல, இந்த வருஷம் வெயில் ஜாஸ்தி" என்றார்.

வெளியே மூன்று நாளாக மேகமூட்டம்.

*

எண்ணெய் விற்கிறவர் டின்னோடு சேர்த்து எடை போட்டு, காலி டின்னின் எடையைக் கழிப்பார் அல்லவா? வெறும் புட்டியின் வேலையும் அதுதான். கருவியிலும் குழாயிலும் புட்டியிலும் இயல்பாகவே கொஞ்சம் அழுக்கு இருக்கும். அதனால் ஒன்றுமே கலக்காத சுத்தத் தண்ணீரை ஒரு புட்டியில் எடுத்து, மற்ற மாதிரிகளுக்குச் செய்கிற அத்தனையையும் அதற்கும் செய்து, அது காட்டும் எண்ணை மற்ற எண்களிலிருந்து கழித்துவிடவேண்டும். மிஞ்சுவதுதான் குடிநீரில் உண்மையாக உள்ளது. அந்தச் சுத்தத் தண்ணீரை இத்தனை வருடமும் சொட்டக்காவே ஆய்வகத்து மெஷினில் காய்ச்சி வடித்தாள். மெஷினுக்குத் தண்ணீர் சுவரிலிருந்த குழாயிலிருந்து வந்தது.

ஆய்வகம் மாடியில் கோடி அறை. பாதி திறந்த ஒரு சன்னல், அமிலம் பட்டுக் கருத்த கல்மேடை, சாராயமும் ரப்பரும் கலந்த அந்தப் பழகிப்போன வாடை, ஓயாமல் முனகுகிற குளிர்பெட்டி. கதவைச் சாத்திவிட்டு அவள் பார்சலைப் பிரித்தாள். மெழுகு வைத்து மூடிய பழுப்புப் புட்டி. மூடியைத் திருகிக் கண்ணாடிக் குவளையில் கொஞ்சம் சாய்த்தாள்.

கைகள் அப்படியே நின்றுவிட்டன.

தண்ணீர் சத்தம் போட்டது. களகளவென்று, குளத்தில் குடத்தை அமிழ்த்தும்போது வருமே, அந்தச் சத்தம். தண்ணீர் ஊற்றினால் இப்படிச் சத்தம் வரும் என்பதையே தான் மறந்துபோயிருந்தது அவளுக்கு அந்த நொடியில்தான் உறைத்தது. இந்த ஊர்த் தண்ணீர் ஊற்றும்போது சரசரக்கும். கடுகைக் கொட்டுகிறாற்போல.

குனிந்து கண்ணுக்கு நேராகக் குவளையைப் பார்த்தாள். தண்ணீர் ஓரத்தில் கண்ணாடியைப் பற்றிக்கொண்டு ஏறி, நடுவில் குழிந்து நின்றது. அப்படித்தான் நிற்கவேண்டும். பள்ளிக்கூடப் பாடப் புத்தகத்தில் படம் போட்டிருந்தார்கள்: தண்ணீர் குழியும், பாதரசம் மேடு கட்டும். அளக்கும்போது குழியின் அடியை வாசிக்கவேண்டும். ஆனால் இந்தக் கல்மேடைக்கு மேலே, சுவரில், முன்பிருந்த யாரோ சிவப்பு மையில் எழுதி மாட்டிய அட்டை பதினொரு வருடமாகத் தொங்குகிறது: *மேட்டை வாசிக்கவும்.* முதல் நாள் அதைப் பார்த்து, கண்ணாடி பழசாகியிருக்கும், அதனால் போலும் என்று நினைத்தாள். பிறகு நினைப்பதை விட்டுவிட்டாள். இந்த ஊரில் எல்லோரும் மேட்டையே வாசித்தார்கள்.

கருவியை ஓட்டினாள். காகித நாடா கிறுகிறுவென்று வெளியே வந்தது.

வெளியூர்ப் புட்டி: பூஜ்யம்.

பள்ளிக்கூடக் குழாய்: நானூற்றுப் பன்னிரண்டு. மேல்நிலைத் தொட்டி: நானூற்று ஒன்பது. அனுமதிக்கப்பட்ட அளவு பத்து.

கருவிதான் கெட்டுப்போயிருக்கும் என்று முதலில் தோன்றியது. அப்படித் தோன்றியதில் ஒரு நிம்மதிகூட இருந்தது. பிறகு குளிர்பெட்டியின் பின்வரிசையிலிருந்து, மெஷின் பழுதாவதற்கு முன் அவளே வடித்து வைத்த பழைய வெறும் புட்டியை எடுத்து ஓட்டினாள்.

நானூற்றுப் பதினொன்று.

நாடாவைக் கிழித்துக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பதினாலு ஆவியோடு சேர்ந்து ஏறி, குளிர்ந்து, சுத்தத் தண்ணீரென்று அவள் எழுதி ஒட்டிய புட்டிக்குள் இறங்கியிருக்கிறது. நானூற்றுப் பன்னிரண்டில் நானூற்றுப் பதினொன்று போனால் ஒன்று. மூன்றுக்குக் குறைந்தால் 'கண்டறியப்படவில்லை' என்று எழுதலாம், விதி இருக்கிறது. பதிவேட்டைப் பின்னாலிருந்து புரட்டினாள். பக்கம் பக்கமாக, ஒவ்வொரு கிணற்றுக்கும் ஒவ்வொரு குழாய்க்கும், அவளுடைய கையெழுத்தில், கோடு தப்பாமல், அழகாக: கண்டறியப்படவில்லை. கண்டறியப்படவில்லை. கண்டறியப்படவில்லை.

டின்னுக்குள்ளேயே எண்ணெயை வைத்துக்கொண்டு எடையைக் கழித்திருக்கிறாள்.

முகம் கழுவவேண்டும்போல் இருந்தது. கைகழுவும் தொட்டி முன் நின்று குழாயைத் திருகிக் கையை நீட்டினாள். தண்ணீர் உள்ளங்கையில் விழுந்து, உருண்டு, விரலிடுக்கில் சறுக்கிப் போய்விட்டது. முகத்தில் அறைந்தாள். மணலை வாரி அடித்ததுபோல் பட்டுச் சிதறியது. பக்கத்தில் தொங்கிய துண்டை எடுத்தாள். அது போன வாரம் மடித்துத் தொங்கவிட்ட மடிப்பு மாறாமல் மொடமொடவென்று இருந்தது.

வீட்டுத் துண்டும் அப்படித்தான். 'குளிச்சீங்களா, இல்ல சும்மா கதவச் சாத்திக்கிட்டு நின்னுட்டு வந்தீங்களா?' என்று கணவனை அவள் கேலி செய்வாள். 'உன் பொண்ணக் கேளு, அவளுக்குத் துண்டே வேண்டாமாம்' என்பான் அவன். ஆறு வயது மகள் தலைக்கு ஊற்றிக்கொண்டு வந்து ஒரு உதறு உதறினால் போதும், முடி பறக்கும். வாத்து என்று பெயர் வைத்ததே அதற்குத்தான். அழுதால் கன்னத்தில் கோடு இருக்காது. முத்து முத்தாகக் கீழே விழும். 'எங்க வாத்து அழுதா கண்ணீரா வரும்? நகையாவே வரும்' என்று கணவன் அவற்றைப் பொறுக்குவதுபோல் குனிவான், அழுகிற பிள்ளை சிரித்துவிடும்.

மூன்று மாதமாக வாத்துக்கு உதடு வெடிக்கிறது. கன்னத்தில் தோல் செதிள் செதிளாக எழும்புகிறது. எடை இரண்டு கிலோ குறைந்துவிட்டது. டாக்டர் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு ஒன்றும் இல்லை என்றார்.

'தண்ணி நிறையக் குடிக்கச் சொல்லுங்க' என்றார்.

*

கண்காணிப்பாளர் நாடாவை மேசைவிளக்கின் கீழ் வைத்து இரண்டு முறை படித்தார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"வெளியூர்த் தண்ணிய வச்சு எப்படிம்மா கழிப்பீங்க? வெறும் புட்டி அந்தந்த ஆய்வகத்துலயே தயாரிச்சதா இருக்கணும். விதி அஞ்சு. இத அனுப்பினா, முறை தப்புன்னு திருப்பி அனுப்பிடுவாங்க."

"சார், நம்ம புட்டியிலயே பதினாலு இருக்கு சார்."

"அதத்தான் கழிக்கிறோமே!" என்றார் அவர், குழந்தைக்குச் சொல்வதுபோல். பிறகு குரலைத் தாழ்த்தினார். "எனக்கும் ரெண்டு பேரப் பிள்ளைங்க இருக்காங்கம்மா. ஒண்ணு செய்ங்க. அந்த வெளியூர்ப் புட்டிய மறுபடி ஓட்டுங்க. சாயங்காலமும் பூஜ்யம்னே வந்தா, நானே மேல போன் போட்டுப் பேசறேன். இது என் வார்த்தை."

பேசிக்கொண்டே தம்ளரை எடுத்துக் குடித்தார். தொண்டைக்குழி ஏறி இறங்கியது. வைத்துவிட்டு மறுபடி ஊற்றினார்.

அவள் மாடிக்கு ஓடினாள். பன்னிரண்டு பத்துக்கு வெளியூர்ப் புட்டியிலிருந்து ஒரு சொட்டு எடுத்து ஓட்டினாள்.

முப்பத்தெட்டு.

புட்டியை மூடித்தான் வைத்திருந்தாள். கையுறை போட்டிருந்தாள். ஒருவேளை கையுறையிலேயே இருக்குமோ என்று அதைக் கழற்றினாள். கையில் இருக்குமோ என்று சாராயம் போட்டுத் தேய்த்தாள். கருவியின் குழாயைக் கழற்றிப் புதியதை மாட்டினாள். புட்டியின் மூடிக்கு மேல் மெழுகுத்தாள் சுற்றி, துணி சுற்றி, அலமாரிக்குள் வைத்துப் பூட்டினாள். சன்னலைச் சாத்தினாள். சாப்பிடக் கீழே போகவில்லை. அறைக்கு வெளியே, படியில், மூச்சை அடக்கி அடக்கி உட்கார்ந்திருந்தாள். உள்ளே குளிர்பெட்டி முனகிக்கொண்டிருந்தது. கீழே யாரோ தண்ணீர் ஊற்றிக் குடிப்பதும், வைப்பதும், மறுபடி ஊற்றுவதும் கேட்டது. ஒரு மணி நேரத்தில் அந்தச் சத்தம் இருபது தடவைக்கு மேல் வந்தது. அவளுக்கு எண்ணுகிற பழக்கம்.

ஒன்றரைக்கு நூற்று அறுபது.

இரண்டரைக்கு முந்நூற்று இரண்டு.

பிறகு கொஞ்சநேரம் அவள் கருவியை ஓட்டவில்லை. ஓட்டத் தேவைப்படவில்லை. குவளையில் மிச்சமிருந்த வெளியூர்த் தண்ணீரைக் கண்ணுக்கு நேராக வைத்துக்கொண்டு பார்த்தாள். காலையில் கண்ணாடியைப் பற்றி ஏறியிருந்த ஓரம், பிடியை விட்டு, மெதுமெதுவாக, மலை ஏறியவன் விரல் விரலாகக் கைவிடுவதுபோல் கீழே வந்தது. குழி ஆழம் குறைந்தது. சமமானது. சமமாகச் சற்றுநேரம் நின்றது.

பிறகு நடுவில் மெல்ல எழும்பியது.

மேடு.

வெளியிலிருந்து வந்த ஒரே ஒரு புட்டித் தண்ணீரும் இந்த ஊர்த் தண்ணீராக மாறிவிட்டது. கடைசியாக ஒருமுறை ஓட்டியபோது கருவி நானூற்றுப் பத்து என்றது. கழித்தால் இரண்டு. அவளுடைய சாட்சி அதோடு தீர்ந்தது.

*

மூன்று நாற்பதுக்குப் பள்ளிக்கூடம் விட்டு வாத்து வந்தாள். தினமும் வருவதுதான். ஐந்து மணிவரை மேசைக்கு அடியில் உட்கார்ந்து படம் வரைவாள். தபாலக்கா கையைப் பிடித்து மாடிவரை கொண்டுவந்து விட்டார்.

"ஏன்டி சொட்டு, பிள்ளைக்குச் சோறு போடுறியா இல்லையா? கையப் புடிச்சா சருகு மாதிரி இருக்கு."

சொட்டக்கா மகளின் கையை வாங்கிக்கொண்டாள். தபாலக்கா போனதும் மகளைத் தூக்கி முக்காலியில் உட்காரவைத்தாள். அகலமான கண்ணாடித் தொட்டியில் குழாய்த் தண்ணீரை நிரப்பினாள். சரசரவென்று நிரம்பியது.

"வாத்து, கைய உள்ள விடுடா."

பிள்ளை மணிக்கட்டுவரை கையை விட்டது. சொட்டக்கா பக்கவாட்டில் குனிந்து, அளவு பார்க்கும் அதே கண்ணால் பார்த்தாள்.

தண்ணீர் அந்தக் கையைத் தொடவில்லை.

ஐந்து விரலைச் சுற்றிலும், மணிக்கட்டைச் சுற்றிலும், நூலளவு இடைவெளி விட்டு விலகி நின்றது. வெள்ளியால் செய்த கையுறைபோல் அந்த இடைவெளி பளபளத்தது. பிள்ளை விரலை மடக்கினாள். தண்ணீரும் பின்வாங்கியது. நீட்டினாள். மறுபடி விலகியது.

"தண்ணி என்னைத் தொடாதும்மா" என்றாள் வாத்து, தெரிந்த சங்கதிதானே என்கிற மாதிரி. "எங்க கிளாஸ்ல யாரையுமே தொடாது. ஒரு பொண்ணு மட்டும் புதுசா வந்தா, அவளைத் தொட்டுச்சு. நாங்க சிரிச்சோம். இப்ப அவளையும் தொடறதில்ல."

"எப்பேர்ந்துடா?"

"தெரியலையே." உதட்டை நக்கிக்கொண்டாள். நாக்கு உதட்டின் வெடிப்பில் உரசிய ஓசை அந்த அறையில் கேட்டது. காகிதத்தில் காகிதம் உரசுகிற ஓசை. "அம்மா, தாகமா இருக்கு."

"இப்பத்தானே கீழ குடிச்ச?"

"குடிச்சேன். நாலு தம்ளர். குடிச்சாலும் தாகம் அப்படியே இருக்கும்மா. உள்ள உருண்டு உருண்டு போகுது. தொடவே மாட்டேங்குது."

சொட்டக்கா மகளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். மகளின் வயிறு அவள் வயிற்றில் அழுந்தியபோது, உள்ளே ஏதோ நகர்ந்தது. பை நிறைய கோலிக்குண்டை அசைத்ததுபோல. கலகலவென்று.

அவளுக்கும் காலையிலிருந்து தாகம்.

*

நாலரைக்குச் சான்றிதழை அவளே கீழே கொண்டுபோய் வைத்தாள். பழைய வெறும் புட்டியைக் கழித்து, படிவத்தின் பதினாலாம் வரிசையில் தட்டச்சுச் செய்த ஒரே சொல். கண்காணிப்பாளர் அதை எதிர்பார்த்தவர்போல் தலையை ஆட்டினார். எண்ணெய் மை தொட்டு இரண்டு முத்திரைகளைக் குத்தினார். ஒன்று அவருடைய கையொப்பம், இன்னொன்று அவளுடையது.

"மனச அலட்டிக்காதீங்கம்மா. வீட்டுக்குப் போய் ரெஸ்ட் எடுங்க. தண்ணி நிறையக் குடிங்க."

அவள் சண்டை போடவில்லை. யோசித்துவிட்டாள். இந்தச் சான்று இல்லாமல் உறை கிளம்பாது. உறை கிளம்பினால்தான் அதற்குள் இன்னொரு தாளும் போகும்.

தபாலக்காவின் மேசைக்குப் பக்கத்தில் நின்றபடியே எழுதினாள். கைப்படக் கடிதம் என்றால் நீல மைப் பேனாவில்தான் எழுதவேண்டும், பந்துமுனைப் பேனாவில் எழுதினால் மேலாய்வகம் படிக்காமல் திருப்பிவிடும். அலுவலக மைப்புட்டியிலிருந்து பேனாவை நிரப்பிக்கொண்டாள். ஐயா, வணக்கம் என்று தொடங்கி, பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்த வரிசையில், பொருள், பார்வை, விவரம் என்று எழுதினாள். வெறும் புட்டியில் உள்ளதையே வெறும் புட்டியால் கழித்து வந்தோம். தவறு என்னுடையது. நாடாவின் எண்கள் கீழே. கழிக்காமல் பாருங்கள். உங்கள் ஊர்த் தண்ணீரோடு உடனே ஆள் அனுப்புங்கள். சான்று மட்டும் போனால் அடுத்த சோதனை மூன்று வருடம் கழித்து. என் மகளுக்கு அப்போது ஒன்பது வயது. அதுவரை அவள் தாங்கமாட்டாள்.

எழுத்துகள் தடிப்பாக, நீலமாக, விளக்கு வெளிச்சத்தில் மினுங்கின. இன்னும் காயவில்லை என்று நினைத்தாள். ஒற்றுத்தாளை வைத்து அழுத்தி எடுத்தாள்.

ஒற்றுத்தாள் வெள்ளையாக இருந்தது.

"குடு, குடு, வண்டி வந்துடுச்சு" என்று தபாலக்கா தாளைப் பிடுங்கி, நாலாக மடித்து, சான்றோடு சேர்த்து உறைக்குள் திணித்தார். தெருவில் தபால் வண்டி ஒலிப்பான் அடித்தது. உறையின் பசையை நாக்கால் தடவினார். ஒட்டவில்லை. மறுபடி தடவினார். "இந்தப் பசையும் ஒரு பசையா! நாக்குல எச்சிலே ஊறல பாரு." அரக்குக் குச்சியை மெழுகுவத்தியில் காட்டி, சிவப்பாக மூன்று பொட்டு வைத்து, முத்திரையை அழுத்தினார்.

"அக்கா, இந்த மை..." என்றாள் சொட்டக்கா.

"போன மாசம் மைத்தூள்தானே அனுப்பினாங்க. நான்தான் கலக்கினேன். நம்ம குழாய்த் தண்ணிதான். ஏன், நல்லா எழுதலையா?"

உறையைத் தூக்கி, எடை பார்க்கிறாற்போல் சாய்த்தார்.

அரக்கு படாத மூலையிலிருந்து ஒரு துளி வெளியே வந்தது.

நீலம். கடுகளவு. உருண்டை.

அதன் பின்னால் இன்னொன்று. இன்னொன்று. ஐயா. வணக்கம். வரிசை வரிசையாக. சத்தமில்லாமல். உறையில் கறை இல்லை. தபாலக்காவின் விரலில் கறை இல்லை. மேசையில் விழுந்து, ஓடி, விளிம்பில் நின்று, குதித்தன.

திற என்று சொல்லவேண்டும். உள்ளே தாள் வெள்ளை. சான்று மட்டும்தான் போகிறது. சொல்லவேண்டும். சொட்டக்கா வாயைத் திறந்தாள். நாக்கு மேலே ஒட்டிக்கொண்டு இறங்கவில்லை. அட்டைபோல் இருந்தது. குரல் வரவில்லை. காற்று வந்தது. கையை நீட்டினாள். தபாலக்கா பதிவேட்டில் எண்ணைக் குறித்துவிட்டு உறையைப் பையில் போட்டார். பையின் வாயைக் கட்டினார். வாசலில் நின்றவர் கையில் கொடுத்தார்.

"சீல் வச்சா வச்சதுதான்டி. நாளைக்குப் பேசிக்கலாம்."

வண்டி கிளம்பிய சத்தம்.

சொட்டக்கா திரும்பினாள். மேசைக்கு அடியில் வாத்து இருந்தாள். முழங்காலிட்டு. கைகளை ஊன்றி. தரையில் ஓடிவந்த நீல உருண்டைகள் எல்லாம் அவள் முன்னே ஒன்றுசேர்ந்து குண்டூசித் தலையளவாய், பட்டாணியளவாய்த் திரண்டு நின்றன.

"தாகமா இருக்கும்மா" என்றாள்.

குனிந்து நாக்கை நீட்டினாள்.

வெளுத்து, வறண்டு, நடுவில் வெடித்த நாக்கு. அதன்மேல் அம்மா எழுதிய கடிதம் முழுவதும் ஏறி நின்றது. நீல முத்துகளாக. ஒன்றுகூட ஒட்டாமல். பிள்ளை நாக்கை உள்ளே இழுத்து, கண்ணை மூடி, விழுங்கினாள்.

உள்ளே எங்கோ கலகலவென்றது.

மறுபடி வாயைத் திறந்தாள். நாக்கு அப்படியே வெள்ளையாக இருந்தது.